காலி செய்கிறவர்களின் ஊர்

தில்லியில் கூரை ஒழுகினால், ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலே ஏறிப் பார்த்துப் பயனில்லை. தண்ணீர் எங்கேயோ ஒரு வெடிப்பில் இறங்கி, கூரைக்குள்ளேயே பத்தடி நடந்து, சம்பந்தமில்லாத வேறோர் அறையில் சாவகாசமாகச் சொட்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆயின.

திருச்சியில் ஒரு காண்ட்ராக்டரிடம் இரண்டு வருஷம் சைட் பார்த்துவிட்டு, 1981இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினேன். பாலிடெக்னிக் சான்றிதழ், தகரப் பெட்டி, அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப்பொடி. அரசாங்கக் குடியிருப்புகளைப் பழுது பார்க்கும் வேலை. ஜூனியர் என்ஜினியர் என்று ஆர்டரில் இருந்தது. ஊர் முழுக்க ஜேஇ என்பார்கள். கரோல்பாகில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் குடியேறினேன். அந்த மாடி அறைக்கு ‘பர்சாதி’ என்று அழகான பெயர். மழைக்கு ஒதுங்கும் இடம் என்று அர்த்தமாம். அதுவும் ஒழுகியது.

காலனிக்குக் காலனி ஒரு ‘என்கொயரி’ உண்டு. விசாரணை ஒன்றும் நடக்காது. புகார்ப் புத்தகம், ஒரு டெலிபோன், மேஜைக்குக் கீழே குழாய் ரெஞ்சுகள் குவிந்த ஓர் அறை, அவ்வளவுதான். குழாய் சொட்டுகிறது, கதவு ஊதிக்கொண்டு சாத்த வரவில்லை, குரங்கு தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தள்ளிவிட்டது, சுவரில் ‘சீலன்’. சீலன் என்பது நம் ஊர் ஓதம். முப்பத்தேழு வருஷம் அந்தப் புத்தகத்தைத்தான் படித்தேன். தில்லியின் சரித்திரம் எனக்கு அந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது. பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

முதல் ஆகஸ்டில் ஒரு குவார்ட்டரில் சாப்பாட்டு அறை ஒழுகுகிறது என்று புகார். மாடிக்குப் போனேன். நேர் மேலே ஓடுகளுக்கு நடுவில் ஒரு வெடிப்பு. இதற்கென்ன என்று சிமெண்ட் குழைத்து, இரண்டு அங்குல கனத்துக்குப் பட்டையாகப் போட்டு, கரணையால் இழுத்து வழவழவென்று முடித்தேன். மறுநாள் அடைமழை. ஒழுகவில்லை. வீட்டுக்காரர் டீ கொடுத்து, மத்ராசிகள் மூளைக்காரர்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஜூலையில் அதே வீட்டில் மூன்று அறைகள் ஒழுகின.

எங்கள் கொத்தனார் மிஸ்திரி ராஜஸ்தான்காரர். அவருடைய தாத்தா புது தில்லி கட்டியபோது ரைசினா மேட்டில் கல் செதுக்க வந்தவர். பேரன் அந்த ஊரிலேயே தங்கிக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு மாடிக்கு வந்து குந்தி உட்கார்ந்தார். என் சிமெண்ட் பட்டை நான்காக வெடித்திருந்தது. ஜனவரியில் நாலு டிகிரி, ஜூனில் நாற்பத்தைந்து. எந்த சிமெண்ட் தாங்கும்? ஒரு ஓட்டை உளியால் நெம்பினார்.

“பாபுஜி, மேலே போட்டீர்களே, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?”

பார்க்கவில்லை. அவர் தோண்டத் தோண்ட நானும் குந்தி உட்கார்ந்தேன். ஓடு. அதற்குக் கீழே தார். அதற்குக் கீழே, நம்பவே முடியாமல், இன்னொரு வரிசை ஓடு. பிறகு சாணம் மெழுகிய தளம். அதற்கும் கீழே நாலு அங்குலத்துக்கு இறுகிய களிமண், வைக்கோல் துணுக்குகள் பளபளக்க. இதுதான் வடக்கத்திக் கூரைகளின் ‘மட் ஃபுஸ்கா’. களிமண்ணையும் வைக்கோல் தூளையும் பிசைந்து, புளிக்க வைத்து, கூரைப் பலகத்தின் மேல் பரப்பிச் சாணம் மெழுகி, அதன் மேல் ஓடு பதிப்பார்கள். வெயில் கீழே இறங்காது. நம் ஊரில் தேக்குச் சட்டங்கள் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி சுண்ணாம்பில் கட்டுகிற மெட்ராஸ் டெரஸைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கூரைக்குள் மண்ணை ஒளித்து வைப்பது கேலிக்கூத்தாகத்தான் பட்டது. மேலே ஏறிய ஒவ்வொரு கோடையும் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியது.

மிஸ்திரி அடுக்குகளை விரலால் தொட்டுக் காட்டினார். “இது ஒரு ஜேஇ. இது அவருக்கு முந்தின ஜேஇ. இந்தத் தார் யாரென்று எனக்கே தெரியும், பஞ்சாபி, நல்ல மனுஷன். இது நீங்கள்.”

எவரும் பழையதை எடுக்கவில்லை. எடுக்க நாள் பிடிக்கும், ஆள் பிடிக்கும், வீட்டுக்காரர் கத்துவார். மேலே ஒரு அடுக்குப் போட்டால் தன் காலம் ஒழுகாமல் கழிந்துவிடும். அதற்குள் மாற்றல் வந்துவிடும். தண்ணீருக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. அடுக்கு கூடக்கூட ஒளிய இடம் கூடுகிறது. கனம் மட்டும் கீழே இருக்கிற பலகத்தின் தலையில்.

இருபது சொச்சம் வருஷம் கழித்து ஹுமாயூன் கல்லறையில் ஆகா கான் அறக்கட்டளை பழுது வேலை தொடங்கியபோது, அதன் கூரை மேலிருந்து இருபதாம் நூற்றாண்டில் போட்ட சிமெண்ட் கான்கிரீட் பத்து லட்சம் கிலோவை எடுத்தார்கள் என்று படித்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். 1560களில் சுண்ணாம்பில் கட்டி நின்ற கட்டடம். அதன் தலையில் நல்லெண்ணத்தோடு ஏற்றிய பாரம் பத்து லட்சம் கிலோ. அது எப்படி ஏறியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊரில் வேலை பார்த்த எவருக்கும் ஒரு சந்தேகம் வரும்: ஏன் எல்லோரும் புதிதாகவே கட்டுகிறார்கள்? லால்கோட், சிரி, துக்ளகாபாத், ஜஹான்பனா, ஃபிரோசாபாத், தீன்பனா, ஷாஜகானாபாத் என்று ஏழு தில்லிகள். புது தில்லியைச் சேர்த்தால் எட்டு. கியாசுதீன் துக்ளக் 1321இல் தொடங்கி நாலே வருஷத்தில் எழுப்பிய துக்ளகாபாத் கோட்டையின் சுவர்களைப் பார்த்தால் உலகம் முடியும் வரை குடியிருக்க நினைத்தவர் போலத் தோன்றும். மகன் முகம்மது அதைக் காலி செய்தார். 1327இல் ஊரையே தௌலதாபாத்துக்குக் கிளப்பினார். எங்கள் ஆபீசில் யாருக்காவது தண்டனை மாற்றல் வந்தால் ‘துக்ளக் ஆர்டர்’ என்போம்.

ஷாஜகான் 1639இல் செங்கோட்டைக்கு வேலை தொடங்கி 1648இல் குடிவந்தார். பத்து வருஷத்தில் மகன் அவரை ஆக்ராவில் அடைத்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் கதை இன்னும் விசேஷம். ஐந்தாம் ஜார்ஜ் 1911 டிசம்பர் 12 தர்பாரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்தார். மூன்று நாள் கழித்து அடிக்கல் வைத்தார்கள். பிறகு அந்த இடம் சரிப்படாது என்று ரைசினா மேட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். தோல்பூர் கல், மக்ரானா பளிங்கு, கல் ஏற்றிவரத் தனியாக ஒரு குட்டி ரயில் பாதை. எல்லாம் முடிந்து 1931 பிப்ரவரி 13ஆம் தேதி நகரத்தைத் திறந்தார்கள். 1947 ஆகஸ்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கட்டியது இருபது வருஷம், குடியிருந்தது பதினாறரை வருஷம். பராமரிப்பு ரெஜிஸ்டரில் இப்படி ஒரு கட்டடம் இருந்தால் ஆடிட்டில் கேள்வி எழுப்பியிருப்பார்கள்.

ரைசினாவில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. விஜய் சௌக்கில் நின்று மேலே பாருங்கள். குடியரசுத் தலைவர் மாளிகை சரிவுக்குப் பின்னால் அமிழ்ந்துபோய், குவிமாடத்தின் மேல்பகுதி மட்டும் தெரியும். இரண்டு செக்ரடேரியட்டுகளையும் வரைந்த ஹெர்பர்ட் பேக்கருக்கும், மாளிகையை வரைந்த எட்வின் லுட்யன்ஸுக்கும் சாலைச் சரிவு பற்றித் தகராறு. சரிவை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் லுட்யன்ஸ். எழும்பிய பிறகுதான் தன் கட்டடம் மறைகிறது என்று கண்டார். மாற்றச் சொல்லி எவ்வளவோ முட்டிப் பார்த்தும் நடக்கவில்லை. மட்டப் புத்தகத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட எல்லா ஜேஇக்களுக்கும் ஆறுதல் தருகிற இடம் அது.

பழுது பார்த்தவர் என்று இந்த ஊரில் ஒரே ஒரு ராஜாவைத்தான் நான் மதிக்கிறேன். ஃபிரோஸ் ஷா துக்ளக். 1351 முதல் 1388 வரை ஆண்டவர். அவரும் புது ஊர் கட்டியவர்தான், அதில் குறைவில்லை. ஆனால் 1368இல் குதுப் மினாரில் இடி விழுந்தபோது உச்சியைச் சரிசெய்தவர் அவர். சேதமான மேல் நிலையை எடுத்துவிட்டு இரண்டு நிலைகளாகக் கட்டினார். வெள்ளைப் பளிங்கு தெரிகிற அந்த மேல்பகுதியைக் கீழே நின்றே அடையாளம் காணலாம். தமக்கு முந்தைய ராஜாக்களின் மசூதிகள், கல்லறைகள், குளங்கள் எவற்றையெல்லாம் செப்பனிட்டேன் என்று தம் ஆட்சிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வெற்றிகளைக் கல்வெட்டிலே அடித்துக்கொண்ட ராஜாக்கள் ஆயிரம். முந்தினவன் வீட்டுக்கு ரிப்பேர் பார்த்ததைப் பெருமையாக எழுதிக்கொண்டவர் அபூர்வம்.

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. அம்பாலா பக்கம் தோப்ராவில் நின்ற அசோகர் தூணைத் தில்லிக்குக் கொண்டுவந்தார். ஒரே கல். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து அதன் மேல் மெல்லச் சாய்த்து, கோரைப்புல்லும் தோலும் சுற்றி, நாற்பத்திரண்டு சக்கர வண்டியில் ஏற்றி, யமுனைக் கரையில் படகுகளுக்கு மாற்றி வந்ததைக் கூட இருந்து பார்த்தவரே எழுதியிருக்கிறார். ஃபிரோஸ் ஷா கோட்லாவில் இன்றும் நிற்கிறது. ஒரு சிமெண்ட் தொட்டியை மூன்றாம் மாடிக்கு ஏற்றும்போது உடைத்தவன் என்கிற முறையில் அந்தத் தூணுக்கு எதிரில் நான் கை கட்டித்தான் நிற்பேன்.

தப்பான பழுதுக்கும் தில்லியில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1803 பூகம்பத்தில் குதுப் மினாரின் உச்சிக் கூடு விழுந்துவிட்டது. மேஜர் ராபர்ட் ஸ்மித் என்கிற என்ஜினியர் பழுது பார்த்து, 1828இல் உச்சியில் வங்காள பாணியில் ஒரு மண்டபத்தைத் தம் சொந்த ரசனைப்படி வைத்தார். பார்த்தவர்களெல்லாம் முகம் சுளித்தார்கள். 1848இல் ஹார்டிஞ்ச் பிரபு அதை இறக்கச் சொல்லிவிட்டார். உடைத்துப் போடவில்லை, பக்கத்துப் புல்தரையில் வைத்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது, ‘ஸ்மித்தின் அசட்டுத்தனம்’ என்ற பெயரோடு. புதிதாகச் சேர்கிற பையன்களை நான் முதலில் கூட்டிப்போன இடம் அதுதான். பக்கத்தில் நிற்கிற இரும்புத் தூணைப் பிறகு காட்டுவேன். ஆயிரத்து அறுநூறு வருஷம், ஒரு கோட் பெயிண்ட் கிடையாது, துரு கிடையாது. அந்த இரும்பில் இருக்கிற பாஸ்பரஸ் மேல்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக் காக்கிறது என்று விளக்கியவர் நம் ஐஐடி கான்பூர் ஆர். பாலசுப்பிரமணியம். எங்கள் ஜன்னல் கம்பிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரெட் ஆக்ஸைடு அடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது பங்களாக்களுக்கு வருகிறேன். ‘லுட்யன்ஸ் பங்களா’ என்று டி.வி.யில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வெள்ளை வீடுகளில் மிகப் பெரும்பாலானவை லுட்யன்ஸ் வரைந்தவை அல்ல. கன்னாட் பிளேஸை வரைந்த ராபர்ட் டோர் ரஸ்ஸலும் அவரைப் போன்ற அரசாங்க ஆர்கிடெக்டுகளும் வரைந்தவை. தடித்த சுவர், உயரக் கூரை, மேலே சின்ன வெளிச்சச் சன்னல், நாலு பக்கமும் தோட்டம். சுவருக்குள் செங்கல், சுண்ணாம்பு, சுர்க்கி. சுர்க்கி என்றால் செங்கல் தூள். சிமெண்ட் பூசினால் அந்தச் சுவர் மூச்சுவிடாது. உள்ளே இருக்கிற ஈரம் உப்பாகப் பூத்து, பெயிண்டைத் தோசை மாதிரி உரித்துத் தள்ளும். இதை எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. விரலால் உரித்துக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

எங்களுக்குப் பருவங்கள் நாலு அல்ல, ஐந்து. ஏப்ரலில் கூலர்களுக்கு வெட்டிவேர்த் தட்டி, ஜூனில் ஆந்தி என்கிற புழுதிப்புயலில் பறந்துபோன தகரங்கள், ஜூலையில் கூரை, தீபாவளிக்கு முன் வெள்ளையடிப்பு. ஐந்தாவது, பொதுத் தேர்தல். தோற்றவர் காலி செய்வார், ஜெயித்தவர் பார்க்க வருவார். 1996, 1998, 1999 என்று வரிசையாக மூன்று தேர்தல் வந்ததே, நாட்டுக்கு அது என்ன செய்ததோ, என் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது அப்போதுதான். ஒரு பங்களாவில் புதிதாக வந்தவர் வாஸ்துக்காரரோடு வந்தார். சமையலறைக் கதவு தப்பான திசை; அடைத்துவிட்டுப் பக்கத்துச் சுவரில் திறக்க வேண்டும். செய்தோம். அடுத்து வந்தவரின் வாஸ்துக்காரர் வேறு. பழைய இடமே சரி என்றார். மிஸ்திரி நான் சொல்லும் முன்பே சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டார்.

“மூன்றாமவர் வருவார் பாபுஜி. செங்கல்லை மண்ணிலேயே கட்டி வைக்கட்டுமா? எடுக்க லேசாக இருக்கும்.”

வைக்கச் சொன்னேன். மூன்றாமவர் வந்தார். அவருக்குக் கதவைப் பற்றிக் கவலை இல்லை. மாட்டுக் கொட்டகை வேண்டும் என்றார்.

இந்த வீடுகளைச் சுற்றி நிற்கிற மரங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். புது தில்லியின் சாலைகளுக்கு ஒவ்வொரு ஜாதி மரமாகத் தேர்ந்து வைத்தார்கள். முஸ்டோ என்கிற தோட்டக்கலை அதிகாரி ஆயிரக்கணக்கில் நட்டு வளர்த்தார். அப்போதைய ராஜ்பாத்தில் நாவல், லோதி ரோட்டில் வேம்பு, ஜன்பத்தில் மருதம், அக்பர் ரோட்டில் புளி. ஜூலை மாதம் நாவல் குத்தகை எடுத்தவர்கள் மரத்தடியில் துணியை நாலு மூலை பிடித்து நிற்க, மேலே ஒருவர் கிளையை உலுக்குவார். புளிக்குத்தான் வடக்கே அவ்வளவு கிராக்கி இல்லை. கரோல்பாகில் நான் சாப்பிட்ட மெஸ்ஸின் மாமி, நான் அக்பர் ரோடு பக்கம் டியூட்டி என்று தெரிந்ததும், பை ஒன்றைக் கையில் திணித்துவிடுவார். பேரரசின் நிழல்மரம் எங்கள் ரசத்தில் கரைந்தது.

1984 நவம்பரைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. எங்கள் தச்சு மிஸ்திரி சர்தார். யமுனைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். ஜாலிக் கதவு செய்வதில் அவருக்கு ஈடு கிடையாது. முதல் தேதியிலிருந்து அவர் வரவில்லை. யாரும் எங்கேயும் போகவில்லை, புகை தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் வந்தார். தலைப்பாகை இல்லை. முடி வெட்டியிருந்தது, கோணலாக, யாரோ வீட்டில் வெட்டியது. என்கொயரியில் இருந்த ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு, எந்தக் கதவு பாக்கி என்று கேட்டார். அந்த வருஷப் புகார்ப் புத்தகத்தில் நவம்பர் 1, 2, 3 தேதிகளுக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்காது. அரசாங்கக் கணக்கிலேயே தில்லியில் கொல்லப்பட்ட சீக்கியர்கள் 2,733 பேர்.

சர்தாருடைய அப்பா 1947இல் லாகூரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். 1941இல் ஒன்பது லட்சம் சொச்சமாக இருந்த தில்லி ஜனத்தொகை 1951இல் பதினேழு லட்சத்தைத் தாண்டியது என்பதை நான் புள்ளிவிவரமாகப் படித்திருக்கிறேன். சர்தார் சொல்கிறபோதுதான் அதற்கு முகம் வந்தது: புரானா கிலாவும் ஹுமாயூன் கல்லறையும் அகதி முகாம்கள். முதலில் பாகிஸ்தான் போகக் காத்திருந்த தில்லி முஸ்லிம்கள், பிறகு அங்கிருந்து வந்தவர்கள். பிற்பாடு லஜ்பத் நகரும் ராஜிந்தர் நகரும் படேல் நகரும். அகதிகளின் அந்த ஒரு நகரத்தை மட்டும் எந்த ராஜாவும் பிளான் போட்டுக் கட்டவில்லை. தில்லியில் சொந்த வீடு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். மற்ற எல்லோரும் அலாட்டி. ரைசினா மேட்டு மாளிகையில் முதலில் குடியேறிய இந்தியர் ராஜாஜி. வைஸ்ராயின் படுக்கையறை தமக்கு மிக ஆடம்பரம் என்று சின்னப் பகுதிக்குப் போய்விட்டார், பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அங்கேயே இருந்துகொண்டார்கள் என்பார்கள். அவருக்கும் ஒரு நாள் காலி செய்கிற தேதி வந்தது. டைப் ஒன்று குவார்ட்டரில் இருக்கிற பியூனுக்கும் அதே தேதி உண்டு.

காலி செய்கிற நாள்தான் எங்கள் வேலையிலேயே கஷ்டமான நாள். இன்வென்டரித் தாளை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போக வேண்டும். மின்விசிறி மூன்று, சரி. வாஷ்பேசின் ஒன்று, சரி. சுவரில் ஆணித் துளைகள், உயரம் குறித்த பென்சில் கோடுகள், பூஜை அலமாரிக்குப் பின்னால் எண்ணெய்க் கறை. தெற்குத் தில்லியில் ஒரு குவார்ட்டரில் முப்பது வருஷம் இருந்த மாமி என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். ஆள் உயரத்துக்கு மேல் கறிவேப்பிலை மரம்.

“வாங்கோ தம்பி, இதப் பாருங்கோ. மாமா ஊர்லேந்து ஈரத்துணி சுத்திக் கொண்டுவந்த கன்னு. இதையும் உங்க லிஸ்ட்ல சேத்துக்க முடியுமோ?”

“லிஸ்ட்ல மரத்துக்குக் காலம் இல்லையே மாமி.”

“அடுத்தாப்ல வரவா வெட்டிடுவா. எழுதி வெச்சா வெட்ட மாட்டா, இல்லையா?”

தாளின் ஓரத்தில் ‘கொல்லையில் மரம் ஒன்று, நல்ல நிலையில்’ என்று எழுதினேன். சட்டப்படி அது செல்லாது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு எந்தக் காலனிக்குப் போனாலும் கொல்லைப்புறத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கறிவேப்பிலை நின்றால் நம்மவர் யாரோ இருந்துவிட்டுப் போயிருக்கிறார். சஹஜன் என்கிற முருங்கை மட்டும் நின்றால் சொல்ல முடியாது, பீகார்க்காரராகவும் இருக்கலாம்.

2016இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், தியாகராஜ நகர் உள்பட ஏழு காலனிகளை இடித்து உயரமாகக் கட்ட மத்திய அரசு முடிவு செய்தது. 2018 ஜூனில் மரம் வெட்டுவதை எதிர்த்து ஜனங்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், வெட்டுக்குத் தடை வந்தது. இடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குவார்ட்டர்களின் கம்பி துருவேறிக் கான்கிரீட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் போய் நின்றேன். பாதி இடித்த வீட்டில் கூரை நெடுக்குவெட்டாகத் தெரிந்தது. ஓடு, தார், ஓடு, மண். வைக்கோல் துணுக்குகள் இன்னும் மஞ்சளாகவே இருந்தன. எந்த அடுக்கு யாருடையது என்று சொல்ல மிஸ்திரி உயிரோடு இல்லை.

அதே வருஷம் நான் ஓய்வு பெற்றேன். துவாரகாவில் ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தேன், நாலாவது மாடி. குவார்ட்டரைக் காலி செய்கிற அன்று, புதிதாகச் சேர்ந்த ஒரு ஜேஇ பையன் வந்தான். தாள் இல்லை, டேப்லட். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தான். நான் பின்னால் கை கட்டிக்கொண்டு போனேன். குளியலறையில் நின்றான்.

“சார், இங்கே இரும்புக் குழாய் ஒன்று இருக்க வேண்டும்.”

“அது சொட்டிக்கொண்டே இருந்தது. சாவ்ரி பஜார் போய் நானே பித்தளைக் குழாய் வாங்கிப் போட்டேன். பதினோரு வருஷமாகச் சொட்டவில்லை, பார்.”

திறந்து மூடிப் பார்த்தான். சொட்டவில்லை. கூச்சப்பட்டான், பாவம்.

“லிஸ்ட்டில் இரும்பு என்றுதான் சார் இருக்கிறது. பழையது எங்கே?”

பழையதை எவன் வைத்திருப்பான்? எண்பத்தைந்து ரூபாய் ரெகவரி என்று போட்டான். நூறாகக் கொடுத்தேன். சில்லறை இல்லை என்று கீழே இறங்கிப் போய், பால் பூத்தில் மாற்றிக்கொண்டு வந்து, பதினைந்து ரூபாயையும் ரசீதையும் கையில் கொடுத்த பிறகுதான் சாவியை வாங்கிக்கொண்டான்.